ரெண்டு விரற்கடை

மூடையை முதுகில் ஏற்றுமுன் சண்முகவேல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பார். யாரும் கவனிக்கவில்லை என்றால்தான் கையை இடுப்பில் ஊன்றுவார். நான் பார்த்துவிட்டால் அந்தக் கை பீடிக்கட்டைத் தேட ஆரம்பித்துவிடும். அருப்புக்கோட்டைப் பருத்திக்கொட்டைக் கிட்டங்கியில் எடை போடுகிறவன் நான். பார்க்காமல் எங்கே போவேன்?

பரளச்சி ஊர்க்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதிலிருந்து பதினாலு வருஷமாக மூடை தூக்குகிறார். என் தராசை நம்பமாட்டார். பஸ்ஸில் இடம் இருக்கிறது என்று கண்டக்டர் சொன்னாலும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

போன மாசம் இடது கால் மரத்துப்போய் மதுரையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே மெத்தைபோல வட்டுகள் உண்டு, அடிமுதுகில் அவை நீர் வற்றிச் சப்பையாகிவிட்டன, அதனால் இடைவெளி குறைந்து ஆளே கொஞ்சம் குட்டையாகியிருப்பார், இனி மூடை தொடக்கூடாது என்றாராம் டாக்டர்.

“மெத்தையாம்ல மெத்தை. நான் படுக்கதே சாக்குல” என்றார் என்னிடம். “அந்தப் படம் என்னதுன்னு என்ன அத்தாட்சி? மூஞ்சியா தெரியுது அதுல? முதலாளி முந்தியே டாக்டர்ட்ட பேசிட்டாக.”

முதலாளி பேசவில்லை. ஆனால் ஆயுத பூசை முடிந்ததும், தூக்க முடியாதவர்களைச் சாக்கு தைக்க உட்காரவைப்பேன் என்றிருந்தார். சண்முகவேலுக்கு அதைவிடச் சாவு மேல்.

ஆயுத பூசையன்று மூடை தூக்குகிறவர்கள் நெற்றியில் சந்தனம் அப்பி, நிமிர்ந்து நின்று கிட்டங்கிக் கதவு நிலையில் ஒற்றுவார்கள். அவரவர் உயரத்தில் அவரவர் கறை. நாலைந்து வருஷமாகக் காய்ச்சல், கல்யாணம் என்று அந்த நாளில் மட்டும் இவர் வருவதில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்தான். இந்த வருஷம் வராவிட்டால் தூக்க முடியாதவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள் என்று வந்துவிட்டார்.

ஒற்றினார். பழைய கறைக்கு ரெண்டு விரற்கடை கீழே விழுந்தது சந்தனம்.

குனிந்து வாசல்படியைத் தடவினார். “ஏலே இன்பராஜு, படியத் தோண்டி இறக்குனது யாரு?”

மேஸ்திரி இன்பராஜ் அதே படியில் நின்று தன் நெற்றியை ஒற்றினார். அச்சாகப் பழைய கறைமேலேயே விழுந்தது. பூசைத் தட்டை எடுக்க உள்ளே போய்விட்டார்.

வெளியே முதலாளியின் குரல் கேட்டது. சண்முகவேல் கீழே தள்ளி விழுந்த புதுக் கறையைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். என்னைப் பார்த்தார். எடைக்கல்லைத் துடைக்கிறவன் மாதிரி நான் குனிந்துகொண்டேன்.

ஓரக்கண்ணில் தெரிந்தது. நெற்றியில் மறுபடி சந்தனம் அப்பி, இரண்டு குதிகாலையும் உயர்த்தி, பழைய கறையின்மேல் நெற்றியை வைத்து அழுத்தினார்.