மச்சினன் பேரில் ஒரு லாரி

செல்லப்பாண்டி இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவன் தங்கராசு. அதைச் சொல்ல அவனுக்கு எப்படி வாய் வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். "அண்ணே, எங்க மச்சான் போயிட்டாருண்ணே. மேலூர்ல லோடு ஏத்திக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவருதான்" என்று அழுதான். அழுகை உண்மையாகவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணீர் அஞ்சலிப் படமும் கைப்பேசிக்கு வந்துவிட்டது. தன் லாரிக்கு முன்னால் செல்லப்பாண்டி சிரித்துக்கொண்டு நிற்கிறார். கீழே, "ஆறாத் துயரத்துடன், மைத்துனர் தங்கராசு." அந்த லாரி யாரால் போனது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் வரிசையாகக் கும்பிடும் கைகளைப் பதிலாகப் போட்டார்கள். நானும் போட்டேன்.

இந்த இதழைப் படிக்கும் டிரைவர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் செல்லப்பாண்டியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான் சரக்குச் சீட்டு எழுதும் புக்கிங் ஆபீஸில் அவர் சத்தம் போட்டுப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருடம் பிறர் வண்டியை ஓட்டினார். சொந்தமாக ஒன்று வாங்குவதென்று முடிவு செய்து, ஜாமீனுக்கு என்னையும் அழைத்துக்கொண்டு பைனான்ஸுக்குப் போனார். அங்கே இருந்த மேனேஜர் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சம்பளச் சீட்டு இருக்கா?" என்றான். "முதலாளி கையில குடுப்பாரு சார். சீட்டெல்லாம் ஏது?" என்றார் இவர். "அப்ப சொந்தத்துல கவர்மெண்டு உத்தியோகத்துல யாராச்சும் இருந்தாக் கூட்டிட்டு வாங்க."

இப்படித்தான் தங்கராசு உள்ளே வந்தான். செல்லப்பாண்டியின் மனைவி பேச்சிக்குக் கூடப்பிறந்த தம்பி; அரசாங்கச் சம்பளக்காரன். ஸ்கூட்டரையே உருட்டிக்கொண்டு போகிற ஆள். இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த கைக்குக் கடன் இல்லை, கியர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதவனுக்கு உண்டு. என்ன சட்டமோ, என்ன மண்ணாங்கட்டியோ. முன்பணத்துக்குப் பேச்சியின் நகை போனது. கடனும் ஆர்.சி. புத்தகமும் தங்கராசு பேரில். என் வில்லாபுரத்து வீட்டு வரி ரசீதைக் கொடுத்து நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன்.

"வண்டி உங்களுதுன்னு அவன்கிட்ட ஒரு வரி எழுதி வாங்கிக்கங்க தம்பி" என்று வெளியே வந்ததும் சொன்னேன். செல்லப்பாண்டி பதறிவிட்டார். "மச்சினன்கிட்ட எழுதி வாங்கிட்டு நான் பேச்சி மூஞ்சியில எப்படிண்ணே முழிப்பேன்? ஸ்டியரிங் யாரு கையில இருக்கோ, வண்டி அவனுதுதாண்ணே." நம் ஆட்கள் நிறையப் பேர் இதே தப்பைச் செய்கிறார்கள். ஊர்பேர் தெரியாத வியாபாரியிடம் சரக்குக்கு மூன்று பிரதி கையெழுத்து வாங்குவார்கள். சொந்தக்காரனிடம் கேட்க மட்டும் நாக்கு எழும்பாது.

மாதம் பிறந்ததும் தவணைப் பணத்தைத் தங்கராசுவின் கணக்கில் போட்டுவிடுவார். அங்கிருந்து பைனான்ஸுக்குப் போய்விடும். ஒருமுறை நாக்பூர் லோடு காத்திருந்தது. பணம் போய்ச் சேராமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று என் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். லோடு வேறு வண்டிக்குப் போனது. "போகட்டும்ணே, மாப்ள பேரு கெட்டுறக் கூடாது" என்றார். மாப்ள என்று அவர் சொன்னது அந்தத் தங்கராசுவைத்தான்.

அப்போது ஐந்து தவணைதான் பாக்கி. தங்கராசு ஒரு கட்டுக் காகிதத்தோடு என்னிடம் வந்தான். மகள் கல்யாணத்துக்காக லாரி மேல் மறுகடன் வாங்குகிறானாம், பழைய பாக்கியை அதிலேயே கழித்துக்கொள்வார்களாம், பழைய ஜாமீனே கையெழுத்துப் போட வேண்டுமாம். "மச்சானுக்குத் தெரியும்லப்பா?" என்று கேட்டேன். "அவருக்குத் தெரியாமலாண்ணே?" என்றான். போட்டுவிட்டேன். செல்லப்பாண்டிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். கைப்பேசி மேசை மேல்தான் கிடந்தது.

வாடிப்பட்டியில் கல்யாணம். அத்தை வீட்டுச் சீர் அந்த லாரியிலேயே வந்து இறங்கியது. பீரோ, கட்டில், பழத்தட்டுகள், முன்னால் மேளம். செல்லப்பாண்டியே ஓட்டிவந்தார். அந்தப் பந்தலுக்கும் பிரியாணிக்கும் தன் வண்டிதான் அடமானம் என்று தெரியாமல் பந்தி பந்தியாக எல்லோரையும் சாப்பிடச் சொல்லி உபசரித்தார். அன்று நானும் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

கடைசித் தவணை கட்டிய நாளில் அல்வாப் பொட்டலத்தோடு ஆபீஸுக்கு வந்தார். "கடன் முடிஞ்சிருச்சுண்ணே. இனிமே முழுசா நம்ம வண்டி" என்று எல்லோர் கையிலும் கொடுத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஐந்து மாதப் பணத்தையும் தங்கராசு தானே வைத்துக்கொண்டிருந்தான் என்பதும் விளங்கியது. வாயைத் திறந்திருக்க வேண்டும். மொய்ப்பணத்தில் அடைத்துவிடுவான், நாம் ஏன் குடும்பத்தைக் கலைப்பது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு அல்வாவைத் தின்றேன். தங்கராசு ஒருவிதத்தில் அயோக்கியன் என்றால் நான் வேறுவிதத்தில்.

இரண்டு மாதம் கழித்து, பட்டப்பகலில் பைனான்ஸ் அனுப்பிய நாலு தடியன்கள் வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். நடுரோட்டில் நின்று எனக்குப் போன் செய்தார். "டியூவெல்லாம் முடிஞ்சிருச்சேண்ணே, எதுக்குண்ணே புடிக்கிறாங்க?" விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

சொந்தபந்தம் கூடிப் பேசியது. "என் பேர்ல இருக்குற வண்டி. குடிச்சா அழிச்சேன்? பொம்பளப் பிள்ளை கல்யாணத்துக்குத்தான வாங்குனேன்" என்றான் தங்கராசு. நல்ல காரியத்துக்குத்தானே என்று பெரிய மனிதர்கள் மீசையைத் தடவினார்கள். செல்லப்பாண்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "என்கிட்டக் கேட்டிருந்தா நானே சரின்னுருப்பேன்ல மாப்ள?" வண்டி ஏலத்தில் போனது. ஐம்பத்து நாலு வயதில் அவர் மறுபடியும் சம்பளத்துக்கு ஓட்டப் போனார், மேலூர் கல் லோடு. மறுகடன் பத்திரத்தில் என் கையெழுத்தைப் பார்த்தாரா, தெரியாது. கடைசிவரை என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்.

செல்லப்பாண்டியின் உடலை எடுக்கும் நாளில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தாம்பாளத்தில் வைத்து, மேளத்தோடு கொண்டுவந்தான் தங்கராசு. பேச்சி அதைத் தொடவில்லை. "எடுத்துட்டுப் போடா. அவரு ஒழைப்பை அம்புட்டையும் தின்னுட்டு எனக்குச் சீலை கொண்டாந்தியாக்கும்?" என்றாள். பொறந்த வீட்டுக் கோடியை வேண்டாமென்று சொல்லக் கூடாது என்று கிழவிகள் மன்றாடினார்கள். அவள் அசையவில்லை. தாம்பாளம் வந்த வழியே திரும்பிப் போனது. அந்த வீட்டில் அன்று நடந்த மரியாதையான காரியம் அது ஒன்றுதான்.

பிறகு கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டாள். "அண்ணே, நீங்க ஒருத்தராச்சும் அவரை ஏமாத்தாம இருந்தீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

செல்லப்பாண்டியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அண்ணே என்ற அந்தச் சொல்தான். அதை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. பேச்சிக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். இந்த இதழ் அச்சாகி வந்ததும் நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன்.