நான் குடம் மாற்றிய கதை

எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோனதற்கும் இன்னொரு கல்யாணம் நடந்ததற்கும் நான்தான் காரணம் என்று இன்றுவரை சொல்கிறார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. நான் செய்த குற்றம், இரண்டு குடங்களை மாற்றிவைத்தது.

யாங்கோனில் எங்களுக்குச் சித்திரை என்றால் தண்ணீர்தான். திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் தமிழ் வருடப் பிறப்பும் ஒரே வாரத்தில் கைகோத்துக்கொண்டு வரும். தாகேதாவில் எங்கள் தெருவில் அந்த நாலு நாளும் காயப்போட்ட துணி காயாது. அந்த வருடம் அப்பா திடீரென்று, வீட்டில் முடங்கிக் கிடக்க வேண்டாம், மாவ்பிக்குப் போய் மாந்தோப்பில் மூன்று நாள் தங்கலாம் என்று அறிவித்தார். சந்தைக்கு மாங்காய் கொண்டுவரும் ஊ டின் என்ற பர்மியப் பெரியவரின் தோப்பு அது.

வண்டி சித்தப்பாவுடையது. அப்பாவின் தம்பி, எங்கள் வீட்டு முன்னறையில்தான் அவருக்குப் படுக்கை. சின்ன லாரி ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அதன் பின்பக்கத்தில் மூங்கில் வளைத்து, பாய் வேய்ந்து, மேலே தார்ப்பாய் போட்டு ஒரு வீடே கட்டிவிட்டார். மெத்தை, அடுப்பு, அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி, அம்மாவின் அம்மிக்கல் எல்லாம் ஏறின. எதிர்வீட்டுக்காரர் வந்து, "வீட்டக் காலி பண்றீங்களா?" என்று கவலையோடு கேட்டார்.

மழையே வந்தாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது என்று அப்பா மார்தட்டினார். மழை மேலிருந்து வரும். திஞ்சான் தண்ணீர் பக்கவாட்டில் வரும். இன்சீனைத் தாண்டுவதற்குள் சாலையோரப் பையன்கள் குழாயாலும் வாளியாலும் எங்களைக் குளிப்பாட்டிவிட்டார்கள். மெத்தை ஊறியது, அரிசி மூட்டை ஊறியது, அப்பாவின் மூக்குக்கண்ணாடி எங்கோ போய் மறுபடி கிடைத்தது. "அரிசி நல்லா ஊறிடுச்சு. உளுந்து இருந்தா இட்லிக்கே அரைச்சிடலாம்" என்றாள் அம்மா. சித்தி சிரித்த சிரிப்பில் எனக்கும் விக்கல் வந்துவிட்டது.

சித்தி அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். எனக்குத் தலை பின்னிவிடுவது, தனகா மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசிவிடுவது, பக்கத்தில் படுக்கவைத்துப் பொய்க்கதை சொல்வது எல்லாம் அவள்தான். உள்ளதைச் சொன்னால், எனக்கு அம்மாவைவிடச் சித்தியைத்தான் பிடிக்கும்.

அதனால்தான் அந்தப் பயணத்தின் ரகசியம் தெரிந்ததும் நான் சித்தியின் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மூன்றாம் நாள், வருடப் பிறப்பன்று, ஒரு மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாக வருவதுபோல் தோப்புக்கு வந்து சித்தியைப் பார்க்கப் போகிறார்கள். மாப்பிள்ளைக்கு மாண்டலேயில் துணிக்கடை. மாண்டலேக்கு ரயிலில் ஒரு முழு ராத்திரி போக வேண்டும். அப்புறம் எனக்கு யார் தலை பின்னுவார்கள்?

அம்மா ஒருநாள் அப்பாவிடம், "ஏன் வெளியில தேடணும்? உங்க தம்பி இல்லையா?" என்று கேட்டதை நான் ஒட்டுக்கேட்டிருந்தேன்.

"பெரியவளக் கட்டிக்கிட்டு, சின்னவளத் தம்பிக்கு இழுத்துக்கிட்டான்னு ஊரு பேசும்" என்றார் அப்பா. "என்னை நம்பி விட்டுட்டுப் போன பொண்ணு. என் வாயால அதச் சொல்ல மாட்டேன்."

ஊர் வாய்க்கு அப்பா அவ்வளவு பயப்படுவார் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

தோப்பில் முதல் இரண்டு நாளும் சொர்க்கம். முதல் நாள் சாயங்காலம் ஒரு சிறு மழை பெய்தது. மறுநாள் விடிந்தால் பிடாவ் மரம் முழுக்க மஞ்சள் பூ. சித்தப்பா மரமேறி ஒரு கொத்து ஒடித்துவந்து என்னிடம் கொடுத்து, "உனக்கு" என்றார். எனக்கு என்றால் என் தலையில்தானே வைக்க வேண்டும்? ஆனால் அது எப்படியோ சித்தியின் தலைக்குப் போய்விட்டது.

திஞ்சானுக்குப் பச்சரிசி மாவில் வெல்லம் வைத்து உருண்டை பிடித்து வேகவைப்போம். விளையாட்டுக்கு ஒன்றிரண்டில் மட்டும் வெல்லத்துக்குப் பதில் காந்தாரி மிளகாய். யாருக்கு அது அகப்படுகிறதோ அவர் பாடு திண்டாட்டம். சித்தி பரிமாறினால் அது தவறாமல் சித்தப்பாவுக்கே போகும். அவர் கண்ணில் நீர் ஒழுக மென்று விழுங்கிவிட்டு, "இனிப்பாத்தான் இருக்கு" என்பார். இவ்வளவு அசட்டு மனிதர் உலகத்தில் உண்டா என்று எனக்குத் தோன்றும்.

மூன்றாம் நாள் காலையில் அம்மா இரண்டு எவர்சில்வர் குடங்களை நிரப்பினாள். ஒன்று, தோப்புக்குப் பின்னால் தமிழ் விவசாயிகள் கட்டியிருந்த சின்ன மாரியம்மன் கோயிலுக்கு. அதில் மஞ்சள் கரைத்திருந்தது. இன்னொன்று திஞ்சான் தண்ணீர். அந்தக் குடத்தின் வாயில் தபியே என்னும் தளிர்க்கொத்தைச் செருகுவது வழக்கம். அம்மா என் கையில் இரண்டு கொத்து கொடுத்து, "ரெண்டுக்கும் வைடி, அழகா இருக்கும்" என்றாள். வைத்தேன். தழை மூடிக்கொண்டதும் எது எந்தக் குடம் என்று பார்த்தால் தெரியாது. எனக்குத் தெரியும்; அம்மன் குடத்தின் விளிம்பில் ஒரு நெளிசல் இருந்தது.

சற்று நேரத்தில் சித்தி புதுத் தாவணியில் வந்து, "அம்மன் குடம் எதுடி?" என்று கேட்டாள். காட்டினேன். "நல்லாத் தெரியுமா?" என்றாள். மறுபடியும் காட்டினேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை நல்லவர்போலத்தான் இருந்தார். எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். அதைத் தின்றுகொண்டே அவரை வெறுத்தேன். அவருடைய அம்மா பாயில் உட்கார்ந்து, பெண் கையால் தோளில் கொஞ்சம் திஞ்சான் தண்ணீர் வாங்கிக்கொள்ளக் காத்திருந்தார். பெண் பார்ப்பதை அப்படி நாசூக்காக முடிப்பதாக ஏற்பாடு.

"முதல்ல நம்ம டிரைவருக்கு ஊத்தும்மா. மூணு நாளா எங்களத்தான் நனைய விட்டான்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

சித்தி குடத்தை எடுத்தாள். லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தப்பா திரும்பிப் பார்ப்பதற்குள் மொத்தத்தையும் அவர் தலையில் கவிழ்த்தாள். வெள்ளைச் சட்டை பளீரென்று மஞ்சளாகிவிட்டது.

ஊ டின் மட்டும் "கௌண்டே, கௌண்டே!", நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று கைதட்டினார். பர்மியரான அவருக்கு எல்லாம் நல்ல வேடிக்கை. எங்கள் ஆட்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. அம்மன் திருவிழா முடிவில் ஒரு பெண் மஞ்சள் தண்ணீரை யார்மேல் ஊற்றுவாள்? முறைப்பையன்மேல்தான். நாலு பேர் முன்னால் ஊற்றிவிட்டால் ஊற்றியதுதான்.

"தபியே இருந்துச்சே, திஞ்சான் குடம்னு நெனச்சேன்" என்றாள் சித்தி.

அம்மா என்மேல் பாய்ந்தாள். அதுவரை கை நீட்டாத அம்மா, முதுகில் பளார் என்று ஒன்று வைத்தாள். "யாரடி உன்னை ரெண்டு குடத்துலயும் தழை சொருகச் சொன்னது?"

நீதானே சொன்னாய் என்று கத்த வாயைத் திறந்தேன். திறந்த வாயில், "அடிக்காதக்கா, பாவம், கொழந்த" என்று சொல்லியபடி சித்தி ஓர் உருண்டையைத் திணித்தாள். அவசரத்தில் அவள் கைக்கு வந்தது மிளகாய் உருண்டை. எனக்கு மூக்கிலும் கண்ணிலும் அருவி கொட்டியது. பேச முடியவில்லை. செய்த தப்பை நினைத்து அழுகிறேன் என்று எல்லோரும் உருகிப்போனார்கள்.

மாப்பிள்ளையின் அம்மாதான் என்னை மடியில் இழுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "கொழந்தமேல என்ன தப்பு? அம்மனுக்கு வெச்ச தண்ணி. அவளே ஆளக் காட்டிட்டா. நாங்க குறுக்க நிக்கலாமா?" என்றார். அப்பா கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, "அம்மன் இஷ்டம்" என்றார். அதற்குமேல் ஊர் வாய்க்கு அங்கே வேலையில்லை.

வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, மாங்காயும் வாங்கிக்கொண்டு மனஸ்தாபமில்லாமல் கிளம்பினார்கள். ஆவணியில் கல்யாணம். நான் சித்தி சித்தப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் அதே சித்தி சித்தப்பாவாக அதே வீட்டில் இருந்தார்கள். என் தலையைச் சித்தியே பின்னினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை; அதோடு குற்றவுணர்வும் தீரவில்லை. சித்தி ரயிலேறி மாண்டலேக்குப் போய்விடாதபடி கெடுத்தவள் நான்தான், பாவி, என்று ரொம்ப வருடம் அம்மனிடம் ரகசியமாக மன்னிப்புக் கேட்டுவந்தேன்.

நான் காட்டிய குடம் சரியான குடம்தான் என்று புரிய எனக்குப் பெரியவளாக வேண்டியிருந்தது. அன்று யாராவது ஒருவர் தப்பு செய்தே ஆகவேண்டும். பெரியவர்கள் செய்தால் பழி. எட்டு வயதுப் பிள்ளை செய்தால் வெறும் கைத்தவறு. அம்மா அடித்த அடியில் சத்தம் மட்டும்தான் இருந்தது, கொஞ்சம்கூட வலிக்கவில்லை. அது ஏன் என்று நான் அன்று யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் யோசிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் இன்சீன் சந்தைப் பக்கம் அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று மூன்று வருடமாக அவர் வாங்கித்தர மறுத்த பெரிய நீர்த்துப்பாக்கியை வாங்கி என் மடியில் வைத்தார். அப்பா கோபத்தை மறந்துவிட்டார் என்று நினைத்து, நான் அதிலேயே அவரைத் தலையோடு நனைத்தேன்.