சின்னவன் எழுதிய சீட்டு

கப்பல் கரைவரைக்கும் வராது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. கடலிலேயே நிறுத்தி, மூட்டை இறக்குகிற மாதிரி எங்களைப் படகில் இறக்கினார்கள். என் இடுப்பில் சின்னவன். முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடுப்பையன். பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவள் மூத்த பெண். வீட்டுக்காரர் படகில் எழுந்து நின்று, "அதோ பாரு, நம்ம ஊரு" என்று கையைக் காட்டினார்.

அவருக்கு நம்ம ஊர். நான் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் ஆனது, பிள்ளை பெற்றது எல்லாம் சைகோனில். என் அப்பா அங்கே மாடு வைத்துப் பால் ஊற்றியவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் அந்த ஊர்ப் பாஷை. பிரெஞ்சுக்காரன் அங்கே தோற்றுக் கிளம்பினான். இங்கேயும் கொடியை இறக்கியாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் நாங்கள் புதுச்சேரிக்கு வந்தோம். தமிழ் பேசுகிற ஊர்தான், ஆனாலும் எனக்கு அது அயல்நாடு.

வீட்டுக்காரர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். இரண்டு மாதம் எங்களோடு இருந்தார். அப்புறம் அல்ஜேரியாவுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. நாலு வருஷம். அங்கே குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. டவுனை ஒட்டிய சாரம் என்கிற ஊரில் அவருடைய அண்ணன் வீடு இருந்தது. அங்கே போய் இருந்துகொள் என்றார். நானும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். என் ஓரகத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா சைகோன்காரி, ஒனக்கு மாடு கறக்கத் தெரியுமா?"

"தெரியுமே. நான் பால்காரர் பொண்ணு."

"அப்ப சரி. இங்க எட்டு மாடு இருக்கு. ஒக்காந்து திங்குற வூடு இல்ல இது."

மாட்டுக்கு நான் பயந்தவள் இல்லை. அந்தப் பேச்சுக்குத்தான். டவுனிலேயே ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடிக்கச் சொன்னேன். கிளம்பும்போது ஓரகத்தி வாசலில் நின்று, எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "ரெண்டு மாசம் தாக்குப் பிடிப்பாளான்னு பாரு."

அந்த வார்த்தையை நான் ஏழு வருஷம் வயிற்றில் வைத்திருந்தேன்.

வேலைக்குக் குறைவில்லை. விடியுமுன் தெருக்குழாயில் வரிசை. பெண்ணுக்குக் கன்னியாஸ்திரீகளின் பள்ளி, பையனுக்கு வேறு பள்ளி; அவள் ஒரு பக்கம் போனால் இவன் இன்னொரு பக்கம் போவான். ஒருவனுக்குக் காய்ச்சல் இறங்கினால் அடுத்தவனுக்கு ஏறும். துவைக்க, ஆக்க, தைக்க, பேன் பார்க்க என்று பொழுது ஓடிவிடும். ஆனால் காலையில் பெரியவர்கள் பள்ளிக்குப் போய், பத்து மணிக்குமேல் வீட்டில் சத்தம் நின்றுபோகும். அப்போது பின்கட்டில் வளர்த்த கோழிகளிடம் நான் சைகோன் பாஷையில் பேசுவேன். வேறு யாரிடம் பேச? பிள்ளைகள் அதில் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். சின்னவனுக்கு அது மறந்தே போனது.

வீராம்பட்டினத்திலிருந்து மீன்கூடையோடு வருகிறவள் ஒருத்திதான் என்னிடம் நின்று பேசுவாள். எங்கள் ஊர் வழக்கப்படி நெத்திலியை உப்புப் போட்டுச் சாடியில் மாதக்கணக்கில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் குழம்புக்கு ஊற்றுவேன். சாடியைத் திறந்தால் முன்கட்டு அம்மாள் ஜன்னலைச் சாத்துவாள்.

"யக்கா, என் மீன நல்லா அழுவ உட்டு அப்புறமா திங்கிறியே, இது ஒனக்கே நல்லாருக்கா?" என்பாள் மீன்காரி.

"நீ ஒரு நாளு சாப்ட்டுப் பாரு."

"எனக்குப் புருசன் இருக்கான்க்கா. வூட்டுல சேக்க மாட்டான்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள். ஒரு கை நெத்திலி கூடப் போட்டுவிட்டுப் போவாள்.

நடுவில் ஒரே ஒரு தடவை அவர் லீவில் வந்தார். பேண்ட் போட்ட ஆளைக் கண்டால் முசியே என்று கூப்பிடச் சின்னவனுக்கு யாரோ பழக்கியிருந்தார்கள். கதவைத் திறந்தவன், "அம்மா, ஒரு முசியே வந்துருக்காரு" என்றான். பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

எனக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூத்தவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்காருவாள். நான் சொல்வேன், அவள் எழுதுவாள். 'இங்கு யாவரும் நலம்' என்று ஆரம்பித்தால், அப்புறம் மழை, காய்ச்சல், பள்ளிக்கூடத்து மார்க்கு. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கையால் நான் வேறென்ன எழுதச் சொல்ல முடியும்? குழந்தை காதில் போடக்கூடாத பேச்சு என்று ஒன்று இருக்கிறதல்லவா. அதெல்லாம் என்னிடமே தங்கிவிட்டது. உறை மேல்விலாசமும் அவள்தான் எழுதுவாள். சோற்றுப் பருக்கையால் ஒட்டுவதும் தபாலில் போடுவதும் என் வேலை.

நாலு வருஷம் முடிகிற சமயம் ஒரு கடிதம் வந்தது. அன்றைக்கென்று பார்த்து, ஓரகத்தி ஒரு பூசணிக்காயோடு வந்து உட்கார்ந்திருந்தாள். பெண் உரக்கப் படித்தாள்.

"இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். வருஷக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். உன்னால் இருந்துகொள்ள முடியும் என்றால் போடுகிறேன். முடியாது என்றால் சொல், இதோடு முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன். உன் பேச்சுதான்."

வந்துவிடச் சொல் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"அதான் கேக்குறாரே, வாயத் தொறந்து சொல்லேன்" என்றாள் ஓரகத்தி. "முடியலன்னா முடியலன்னு சொல்லு. நாலு வருசம் நீ இருந்ததே பெரிய விசயம். நான்லாம் ரெண்டே மாசம்னு நெனச்சேன்."

நான் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "எழுதுடி பாப்பா. எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. நான் இருந்துக்குவேன்னு எழுது."

பெண் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினாள். நானே ஒட்டி, நானே கொண்டுபோய்ப் போட்டேன். திரும்பி வரும்போது வழி தப்பி இரண்டு தெரு சுற்றினேன். நாலு வருஷம் நடந்த தெருதான்.

வருஷக் கடைசிக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. சொன்னதை மாற்றி எழுது என்று பெண்ணிடம் சொல்ல என் வாய் வரவில்லை. அம்மா சொன்ன சொல் மாறாதவள் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். தபாலாபீஸ் வாசலில் எழுதித் தருகிற ஆளிடம் போயிருக்கலாம். ஊரில் யாரோ ஒருவனிடம் போய் என் புருஷனைக் கூப்பிட்டுக் கொடு என்று நிற்பேனா நான்?

சின்னவன் அந்த வருஷம்தான் பள்ளியில் சேர்ந்திருந்தான். சாயங்காலம் சிலேட்டை வைத்துக்கொண்டு எழுதுவான்.

"எழுதுடா, நான் பாத்துக்கறேன்" என்று பக்கத்தில் உட்காருவேன்.

"ஒனக்குத்தான் தெரியாதே, எப்படிப் பாத்துக்குவ?"

"நீ சத்தமா சொல்லிக்கிட்டே எழுது. தப்பா ரைட்டான்னு எனக்குத் தெரியும்."

அவனும் நம்பினான். வா என்று சொல்லி எழுதுவான், க என்று சொல்லி எழுதுவான். அவனுடைய க வயிறு உப்பிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். எனக்கு அதுதான் க. மறுநாள் அவர்கள் பள்ளிக்குப் போனதும், அடுப்புக்கரியால் தரையில் அதே மாதிரி எழுதிப் பார்ப்பேன். கோழி அதன்மேல் நடந்துபோகும். அழித்துவிட்டு மறுபடி எழுதுவேன். மூன்று மாதம் ஆயிற்று. இரண்டே வார்த்தைதான் கற்றுக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை, பெண் எழுதிவைத்த கடிதத்தோடு என் சீட்டையும் உறைக்குள் வைத்தேன். சின்னவன் நோட்டில் கிழித்த தாள். அதில் 'வாங்க. போதும்.' என்று எழுதியிருந்தேன். பருக்கை வைத்து ஒட்டிய பிறகு நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினேன். அன்றைக்குப் பூராவும் எனக்கு ஒரு வேலையும் கனக்கவில்லை.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தபால்காரர் வருகிற நேரத்துக்கு மத்தியானக் குழாய்க்குப் போகாமல் இருந்து, தண்ணீர் பிடிக்காமல் விட்டிருக்கிறேன். கடிதம் வந்த அன்று, மூத்தவள் பள்ளிவிட்டு வரும்வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த எழுத்து எதுவும் அதில் இருக்கிறதா என்று தேடினேன். க நிறைய இருந்தது.

அவள் படித்தாள்.

"சின்னவன் எழுதிய சீட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இந்த வயதில் என்ன அழகாக எழுதுகிறான். 'வாங்க, போதும்' என்று ஜெனரல் மாதிரி எனக்கே உத்தரவு போடுகிறான். முகாமில் எல்லோருக்கும் படித்துக் காட்டிச் சிரித்தோம். அவனுக்கு ஒரு மைப்பேனா வாங்கி வைத்திருக்கிறேன். நீ தைரியமாக எழுதிய கடிதத்தை நம்பி நேற்றுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"இவன் எப்பம்மா எழுதினான்?" என்றாள் பெண்.

"எழுதியிருப்பான்."

"டேய், அப்பாவுக்கு நீ சீட்டு எழுதினியா?"

சின்னவன் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். "எதுக்கு?"

"அப்பா ஒனக்கு மைப்பேனா வாங்கிருக்காராம்."

"ஆமா, நான்தான் எழுதுனேன்!" என்று ஓடிவந்தான்.

நான் உலை வைக்க உள்ளே போய்விட்டேன். அந்த இடத்திலேயே, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு கடிதமும் போட்டிருக்கலாம். இத்தனை வயதில் யோசித்தால் அப்படித்தான் தோன்றுகிறது. அன்றைக்கு என்னால் முடியவில்லை. ஜெனரல் மாதிரி என்று முகாமே சிரித்த பிறகு அது என்னுடையது என்று எப்படிச் சொல்வேன்? அப்புறம் அந்த மூன்று வருஷமும் நான் ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

ஊர் சட்டப்படியும் இந்தியா கைக்கு மாறிய வருஷம் அவர் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். தலை பாதி நரைத்திருந்தது. சாப்பிட்டு முடித்துப் பாயில் உட்கார்ந்ததும், மைப்பேனாவை எடுத்துச் சின்னவனிடம் கொடுத்தார். பர்ஸுக்குள்ளிருந்து அந்தச் சீட்டையும் எடுத்தார். மடிப்பு மடிப்பாக நைந்திருந்தது.

"ஞாபகம் இருக்காடா? இதப் பாக்கும்போதெல்லாம் நீ பக்கத்துல இருக்குற மாதிரி இருக்கும் எனக்கு."

சின்னவன் சீட்டைப் பார்த்தான், பேனாவைப் பார்த்தான். பத்து வயதுக்குள் அவனுக்கு வெட்கம் என்பது வந்துவிட்டது.

"நான் எழுதலப்பா. பேனா கெடைக்கும்னு சும்மா சொன்னேன்."

அவர் நடுப்பையனைப் பார்த்தார். அவன் உதட்டைப் பிதுக்கினான். பெண்ணைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. கடைசியில் என்னைப் பார்த்தார். நான் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நீயா?"

நான் தட்டுகளைக் கீழே வைத்தேன்.

"நீதான்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே கெளம்பியிருப்பேனே" என்றார். "கீழ ஒன் பேரப் போட்டிருக்கக் கூடாதா?"

"பேரு எழுத அப்ப நான் கத்துக்கல" என்றேன்.

அவர் சீட்டை அதே மடிப்பில் மடித்துப் பர்ஸுக்குள் வைத்தார். சின்னவன் பேனாவைத் திருப்பிக் கொடுக்க நீட்டினான். வாங்கி என் பக்கம் வைத்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

அந்தப் பேனா ஒழுகி எப்போதோ போய்விட்டது. என் எழுத்து மட்டும் மாறவில்லை. இதை எழுதும்போதும் என் க வயிறு உப்பி ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.