மூழ்கிய முட்டை

போன வருடம் காலாண்டு விடுமுறை. ஆலங்குடியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், வகுப்பில் டீச்சர் காட்டிய சோதனையைச் செய்துகொண்டிருந்தாள். வெறும் தண்ணீரில் போட்ட முட்டை மூழ்கியது. இன்னொரு டம்ளரில் ஆறு ஸ்பூன் உப்பைக் கரைத்துப் போட்டாள். மிதந்தது.

"கடலும் உப்புத் தண்ணிதானப்பா? அப்ப நாம அதுல மிதப்போமா?"

நான் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "மிதப்போம் ஆத்தா, உப்புத் தண்ணிக்கு அடர்த்தி அதிகம்ல" என்றேன். நான் இயற்பியல் பட்டதாரி. பதில் சரளமாக வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோட்டைப்பட்டினத்தில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் வீட்டில் விருந்து. சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். அலையே இல்லை, வெகுதூரத்துக்கு முழங்கால் தண்ணீர்தான். மகள் காலை நனைத்தபடி நடந்தாள். நானும் நண்பரும் பேசிக்கொண்டு நின்றோம். படகுகள் வந்துபோக ஓரிடத்தில் ஆழமாகத் தோண்டியிருப்பது எனக்குத் தெரியாது.

திரும்பிப் பார்த்தபோது அவள் மல்லாந்து, கைகளை விரித்து, காலைத் தூக்கிப் படுக்கப் பார்த்தாள். ஒரு நொடி மிதந்த மாதிரி இருந்தது. அப்புறம் கால் இறங்கியது, முகம் இறங்கியது. ஊன்றத் தரை இல்லை. கைகள் மட்டும் மேலே வந்து வந்து போயின.

ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் கால் நின்றுவிட்டது. எனக்கு நீச்சல் தெரியாது.

பக்கத்து நாட்டுப்படகில் வலையை இறக்கிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், கயிறு கட்டிய காலி கேனை வீசினார். "கேனக் கட்டிப் பிடி தாயி! விட்றாத!" நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கயிற்றை இழுத்துக் கரை சேர்த்தார்.

உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "முட்டை மிதந்துச்சேப்பா?"

"என்ன சார், புள்ள முட்டைங்குது?" என்றார் அவர். தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"ஒரு டம்ளருக்கு ஆறு ஸ்பூனா? அம்புட்டு உப்பு கடல்ல ஏது சார்? கொஞ்சம் தூக்கிக் குடுக்கும். பதறிக் கைகால அடிச்சா அந்தக் கடலே உள்ள இழுத்துக்கும். சாரு என்ன படிச்சிருக்கீங்க?"

குனிந்து மகளின் முகத்தைத் துடைத்துவிட்டேன். நண்பர்தான், "அதெல்லாம் இப்ப எதுக்கு பாய், விடுங்க" என்றார்.

கிளம்பும் முன் மகள் தன் தண்ணீர் பாட்டிலில் கடல்நீரைப் பிடித்துக்கொண்டாள். தடுக்க எனக்குத் தெம்பு இல்லை. வீட்டுக்கு வந்ததும் அதை டம்ளரில் ஊற்றி, ஒரு முட்டையை மெதுவாக விட்டாள். நேராக அடியில் போய் உட்கார்ந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான்.

இன்றும் குளியலறையில் அவள் தண்ணீர் மொள்ளும் சத்தம் சற்று நின்றால் கதவைத் தட்டிவிடுகிறேன். அவள் ஏதாவது கேட்டால், போனைக் கீழே வைத்துவிட்டு, "இரு, செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்" என்கிறேன். தெரிந்த பதில்தான் என்று வாய் திறக்கும்போதெல்லாம், டம்ளரின் அடியில் கிடந்த அந்த முட்டைதான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது.