ஒரே டம்ளரில் இரண்டு மாத்திரை

நாமக்கல் பக்கம் கோழிக்கு இருக்கிற மரியாதை மனிதனுக்குக் கிடையாது. முட்டை ஓடு கொஞ்சம் மெலிந்தால் போதும், பண்ணை வாசலில் கால்நடை டாக்டர்களின் கார்கள் வரிசைகட்டிவிடும். அருணகிரி அப்படியொரு பண்ணையில் மேஸ்திரி. கோழிகள் குடிக்கும் தண்ணீர் டேங்கில் எந்த நாள் எதைக் கலப்பது என்பது அவர் பொறுப்பு.

ஒரே மகள் வெண்ணிலா. எட்டு வயது. வலிப்பு உண்டு; காலையும் இரவும் மாத்திரை. தொடர்ந்து இரண்டு வருடம் வலிப்பு வராவிட்டால் மாத்திரையை மெல்லக் குறைக்கலாம் என்று சேலத்து டாக்டரம்மா சொல்லியிருந்தார். வருகிற பங்குனியோடு கெடு முடிகிறது. அருணகிரியும் மனைவி கோகிலவாணியும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கண் பட்டுவிடுமாம்.

கார்த்திகையில் டாக்டரம்மா, "மாத்திரையால எலும்பு பலவீனமாகுது. கால்சியமும் வைட்டமின் டியும் எழுதறேன், மத்தியானம் குடுங்க" என்றார். மத்தியானம் பிள்ளை பள்ளிக்கூடத்தில். டீச்சரிடம் கொடுத்துவைக்கலாம்தான். ஆனால் வலிப்பு விஷயம் வெளியே தெரிந்துவிடுமே! பெண்பிள்ளை, நாளைக்கு நாலு பேர் பெண் கேட்டு வரவேண்டாமா? இன்னும் யாரென்றே தெரியாத சம்பந்தியம்மாளுக்குப் பயந்து, வலிப்பு மாத்திரையோடு கால்சியத்தையும் பொடித்துக் காலைப் பாலிலேயே கரைத்தார் அருணகிரி.

"ஒரே மாவா இருக்குதுங்கப்பா."

"மிச்சம் வெக்காமக் குடி சாமி. எலும்பு இரும்பாட்டம் ஆயிரும்."

தை மாதம் ஒருநாள், பண்ணையில் கோழிகளுக்குச் சளி. டேங்கில் மருந்து கலக்கும் நாள். கூட வேலை பார்க்கும் கண்ணாத்தாள் கால்சியம் பாக்கெட்டோடு வந்து நின்றாள்.

"ஏனுங் மேஸ்திரி, இதையும் சேத்துக் கொட்டிட்டா ஒரே வேலையாப் போயிருமுல்லங்க?"

"கெடுத்தே போ! மருந்தை அது கவ்விக்கும். கோழி ஒடம்புல ஏறாது. நாளைக்குக் கொட்டிக்கலாம்."

"கோழிக்குப் பாக்கற பக்குவத்துல பாதி நம்மளுக்குப் பாத்தா நூறு வயசு இருப்பமுங்க" என்று சிரித்தபடி பாக்கெட்டைத் திரும்ப எடுத்துப் போனாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது.

வெண்ணிலா படிக்கட்டில் விழுந்திருந்தாள். உதடு கிழிந்து, முன்பல் இரண்டு போயிருந்தன. யாரோ ஒரு சாவிக்கொத்தைக் கையில் திணித்திருந்தார்கள். வகுப்பு முழுக்கச் சுற்றி நின்று பார்த்திருந்தது. டீச்சர் அழுகையும் கோபமுமாக, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா படியில தனியா விட்டிருப்பமாங்க?" என்றார்.

சேலத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

"மருந்து பாதிகூட இல்லையே. மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"ஒருவேளை தவறலைங்க. கால்சியத்தோட சேத்து ஒரே டம்ளர்ல..." என்றாள் கோகிலவாணி.

"ஐயோ, ஏம்மா? கால்சியம் அதைப் பிடிச்சு வெச்சுக்கும், ரத்தத்துல சரியா ஏறாது. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு மணி நேரமாவது விடணும். அதுக்குத்தானே மத்தியானம்னு சொன்னேன்?"

காலையில் இதையே சொன்ன வாய் அருணகிரியுடையது. கேட்ட கோழிகள் சுகமாக இருந்தன.

"அப்ப... பங்குனிங்க?" என்றாள் கோகிலவாணி.

"இனி மறுபடியும் மொதல்லருந்துதான்மா."

தையல் போட்ட உதட்டோடு வெண்ணிலா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் மிச்சமே வெக்கலீங்கப்பா."