போதும் என்ற பின் விழுந்த அடி

தியாகதுருகம் ரவூப் பாய் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவரும் மினி லாரி ஓட்டுநர். ஐவேளைத் தொழுகை தவறாதவர். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை.

ஒரு மதியம் கரியாலூருக்கு அப்பால், சந்தனக் கட்டை கடத்தும் கந்தசாமியின் ஆட்கள் அவர் வண்டியை மறித்தார்கள். வனத்துறைக்குத் துப்புக் கொடுத்த பழனி என்ற மலைக்காரரை அங்கே பலா மரத்தில் கட்டி, அவர் வலது கையைப் பாறைமேல் இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

கந்தசாமி ரவூபின் கழுத்தில் அரிவாளை வைத்தான். "பாத்துட்ட. நாளைக்கு நீயும் வாயத் தொறக்கக் கூடாதில்ல? அவன் கைய நீயே ஒட."

"வேணாம்யா" என்றார் ரவூப். அரிவாள் அழுந்தி ரத்தம் கசிந்தது. வண்டியிலிருந்த ஜாக்கி ராடை அவர் கையில் திணித்தார்கள். அடித்தார். பழனி அலறினார்.

"போதும்" என்று கந்தசாமி அரிவாளை எடுத்துவிட்டான். ரவூப் மறுபடியும் ஓங்கி அடித்தார். அரைமனதாக அடித்ததாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

ஆஸ்பத்திரியில் பழனியின் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். கந்தசாமி சிறைக்குப் போனான். மிரட்டிச் செய்யவைத்தார்கள் என்று போலீஸ் ரவூபை விட்டுவிட்டது.

தூக்கம் போய்விட்டது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சொன்னார், ஓர் அடியை மட்டும்.

"கழுத்துல கத்தி வெச்சி அல்லாவையே மறுக்கச் சொல்லி, வாயால மட்டும் மறுத்தாலும் குத்தமில்ல பாய்" என்றார் ஹஜ்ரத். "ஆனா இன்னொருத்தர் உசுரு, ஒடம்பு வேற. உங்க உசுரு அவரு உசுர விட ஒசத்தி இல்லியே. அவரு மன்னிக்கணும். போய்க் கேளுங்க."

ரவூப் போனபோது பழனியின் மனைவி செல்லியம்மாள் கணவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கத்திய வெச்சாங்க, அடிச்சீங்க" என்றார் பழனி. "நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன். அத அன்னிக்கே வுட்டுட்டேன்."

ரவூப் அழுதார்.

"அவன் போதும்னப்புறம் அடிச்சீங்களே, அது யாரு சொல்லி?"

ரவூபின் கண் பழனியின் மொட்டைக் கைக்குப் போனது.

"மொத அடி வெரலுல வுழுந்துச்சி பாய். அப்புறம் அடிச்சதுதான் மணிக்கட்டுல."

"மன்னிச்சிடு பழனி."

"மாட்டேன்."

திரும்பி வந்து ஹஜ்ரத்திடம் முழுதும் சொன்னார். "மறுபடியும் போங்க" என்றார் ஹஜ்ரத்.

இப்போதும் வாராவாரம் போகிறார். பழனி வேலை சொல்வார். ரவூப் விறகு பிளப்பார், கிழங்கு பிடுங்குவார். முடித்துவிட்டுக் கைகட்டி நிற்பார். செல்லியம்மாள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து தரையில் வைப்பாள்.

"மன்னிப்பெல்லாம் கெடையாது பாய்" என்பார் பழனி, முகத்தைப் பார்த்தே. "அடுத்த வாரம் வாங்க, வேலி கட்டணும்."