காற்று மிஞ்சிய மதியம்

என் அண்ணன் ஓடைப்பட்டியில் திராட்சை போட்டிருந்தார். எனக்குச் சென்னையில் வேலை. ஓர் அறை நிறையக் கணினிகளை ஒன்றாகக் கோத்து, மாநிலத்து மின்சாரத்துக்குக் கணக்குப் போடுகிறோம். எந்தக் கம்பி அறுந்தால் எந்த ஊர் இருளும், காற்றாலைகளுக்குக் காற்று செத்தால் யாருக்கு மின்சாரத்தை வெட்டுவது என்று லட்சம் விபரீதங்களை அது கண்மூடித் திறப்பதற்குள் பார்த்துவிடும்.

எங்கள் பக்கம் தோட்டங்களுக்கு மின்சாரம் முறைவைத்து வரும். ஒரு வாரம் பகல், மறு வாரம் ராத்திரி. முறையில்லாத நேரத்தில் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, மின்சாரம் தொட்டுக் கருகிய பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பார்கள். பிடுங்கிவிட்டால் பெட்டிக்குள் மின்சாரம் வராது என்று தெரிந்தும் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்க மாட்டார்கள். பிடுங்கினால், "என்னப்பா, வீட்டுல சொல்லி அனுப்புனாகளா?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேலி பேசுவார்.

ஆடிக் காற்றில் காற்றாலைகள் கொட்டும் மின்சாரத்தை வாங்க ஆளிருக்காது. அந்த மிச்சத்தை, முறை பார்க்காமல், அங்கேயே தோட்டங்களுக்கு விடலாமா என்று கணினியில் ஓட்டிப் பார்த்தோம். எந்தக் கம்பியிலும் சுமை மீறவில்லை. நல்ல யோசனைதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தோம். விடுவதற்கு முன்னால் விவசாயிகளின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி போக ஏற்பாடு.

ராத்திரி முறை வாரம் ஒன்றில், ஒரு மதியம் அண்ணன் சட்டையைக் கழற்றித் திராட்சைப் பந்தலின் கல்தூணில் மாட்டியிருந்தார். செல்போன் சட்டைப் பையில் இருந்தது. அவர் பெட்டிக்குள் கைவைத்திருந்தபோது காற்று கூடி, மின்சாரம் வந்துவிட்டது.

நான் பஸ் பிடித்துப் போவதற்குள் நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "அவுக நேரம்" என்றார்கள். எனக்கு எல்லோர் மீதும் ஆத்திரம் வந்தது. அண்ணன் மீதும்தான். ஒரு கட்டையைப் பிடுங்க எவ்வளவு நேரமாகும்?

அலுவலகத்தில் அந்த நாளின் கணக்கை மறுபடி ஓட்டினார்கள். பிழையே இல்லை. கம்பிக்கும் மின்மாற்றிக்கும் அதில் இடமுண்டு, பெட்டிக்குள் கைவிட்டு நிற்கிற ஆளுக்கு இல்லை. இனிமேல் குறுஞ்செய்தியைக் கொஞ்சம் முன்னதாக அனுப்புவது என்று முடிவெடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய பிறகு மதினி போன் செய்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"தம்பி, இங்கன காத்து நல்லா அடிக்குது. கரண்டு எப்ப விடுவாகன்னு மிசினப் பாத்துச் சொல்லுங்க. கொடி வாடுது" என்றார்.

திரையில் நேரம் இருந்தது. சொன்னேன்.

"சரி தம்பி" என்று வைத்துவிட்டார்.